உச்சிக்குப் போன இரண்டாவது படம்

2014 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற இரண்டு பிள்ளைகள் தேசியக் கொடியோடு இரண்டு படங்களையும் கொண்டுபோயிருந்தார்கள். ஒன்று அண்ணல் அம்பேத்கர் படம். இன்னொன்று எஸ்.ஆர்.சங்கரன் என்கிற ஐ.ஏ.எஸ். அதிகாரியின் படம். முதல் படம் ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

மலாவத் பூர்ணா, நிஜாமாபாத் மாவட்டம் பாகாலா கிராமத்து லம்பாடிப் பழங்குடிப் பெண். அப்போது வயது 13 ஆண்டு 11 மாதம். அவ்வளவு சிறிய வயதில் எவரெஸ்ட் ஏறிய பெண் அதுவரை உலகில் யாருமில்லை. கூட ஏறிய ஆனந்த்குமார் கம்மம் மாவட்டத்துத் தலித் மாணவர். பூர்ணாவின் பெற்றோர் விவசாயக் கூலிகள். ஆனந்தின் அப்பா சைக்கிள் மெக்கானிக்.

இப்படி ஒரு கதை கிடைத்தால் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்குக் கொண்டாட்டம்தான். மனசு வைத்தால் யாரும் எதையும் சாதிக்கலாம் என்பார்கள். அப்படியானால் சேரிப் பிள்ளைகள் இத்தனை காலம் மனசு வைக்கவில்லை என்றுதானே பொருள்?

ராகுல் போஸ் இயக்கி 2017இல் வந்த ‘பூர்ணா’ படத்தை எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் போட்டோம். முடிந்ததும் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, இதுக்கெல்லாம் காசு யாரு குடுத்தா?” இதைவிடக் கூர்மையான கேள்வியை நாங்கள் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

காசு அரசுடையது. இருவரும் அன்றைய ஆந்திர அரசின் சமூகநல உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள். தலித் பிள்ளைகளுக்கென அந்தப் பள்ளிகள் உருவாக முன்னின்றவர் சங்கரன். கொத்தடிமைகளை மீட்க அலைந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாமல் தன் சம்பளத்தையும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்தவர். 2012இல் அந்தப் பள்ளிகளின் செயலராக வந்த ஐ.பி.எஸ். அதிகாரி ஆர்.எஸ்.பிரவீன்குமார் மலையேற்றத்தையும் பாடம்போலச் சேர்த்தார். போங்கீர் பாறையில் பயிற்சியாளர் சேகர் பாபுவிடம் கயிறு பிடிக்கப் பழகி, டார்ஜிலிங், லடாக் என்று போய், நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் கடைசியாகத் தேர்வானவர்கள்தான் இந்த இருவர். ஏறிய கால்கள் அவர்களுடையவை, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கால்களுக்கு பூட்ஸ் வாங்கித் தர ஒரு பள்ளிக்கூடம் இருந்தது.

சின்னப் பிள்ளையைச் சாவின் வாயில் அனுப்பலாமா என்று அப்போது கேட்டார்கள். நியாயமான கேள்வி. 16 வயதுக்குக் கீழ் நேபாளம் அனுமதிப்பதில்லை. அதனால்தான் திபெத் பக்கமாக ஏறினார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 18 அன்று நேபாளப் பக்கத்தில் பனிச்சரிவில் 16 தொழிலாளிகள் இறந்தார்கள், பெரும்பாலும் ஷெர்பாக்கள். போகும் வழியில் பிணங்களைப் பார்த்துப் பயந்ததாகப் பூர்ணாவே சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் மறைத்துவிட்டு வீரம் பேச எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் செங்கல் சூளையில் கல் சுமக்கும் 13 வயதுப் பிள்ளைக்காக அப்படிப் பதறியவர்களை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. அடுத்தவர் ஏற மூட்டை சுமந்து செத்த அந்த 16 பேரில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? (மலையிலும் சுமக்கிறவன் ஒருவன், பெயர் வாங்குகிறவன் வேறொருவன்.)

பூர்ணா அதோடு நிற்கவில்லை. 2022இல் அலாஸ்காவின் தெனாலியில் ஏறி, ஏழு கண்டங்களின் உச்சிகளையும் முடித்தார்.

இங்கே நாங்கள் போய்வரும் ஒரு மாணவியர் விடுதியில் விளையாட்டுப் பொருள் என்று இருப்பது ஒரு கேரம் போர்டு. காய்கள் பாதி இல்லை. மீதிக்குச் சட்டைப் பித்தான் வைத்து ஆடுகிறார்கள். கேள்வி கேட்ட பெண் தங்கியிருப்பதும் அங்கேதான். போன வாரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுத அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். விடுதி மாணவி ஒருவருக்கு விளையாட்டுக்கென ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள், கடந்த 3 ஆண்டுகளில் எவ்வளவு செலவானது? கையெழுத்து அவளுக்காகப் படிப்பகத்திலிருந்து அக்கா ஒருவர் போட்டார். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தபாலில் அனுப்பியாயிற்று. பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம். நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.