பால் கணக்கு நோட்டு

சான்றாவணம் ஏ-7 என்று முத்திரை விழுந்த அந்த நோட்டின் முதல் பக்கத்தில் 'பால் ஒன்றரை, சாயந்திரம் அரை' என்றுதான் எழுதியிருக்கும். என் முப்பது வருஷத் தொழிலில் எவ்வளவோ பத்திரங்களைத் தாக்கல் செய்திருக்கிறேன். ஒரு வழக்கை இந்த அளவுக்கு ஜெயிக்கவும் வைத்து, அதே கையோடு கால்வாசி தோற்கவும் வைத்த ஆவணம் வேறொன்று இல்லை.

2021 ஜனவரியில், பெரியநாயக்கன்பாளையம் பக்கத்திலிருந்து மில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சம்சாரத்தோடு வந்தார். போனில் ஐம்பது போட்டோக்களுக்குக் குறையாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஏறும் விரிசல், சமையலறைச் சுவருக்கும் பீமுக்கும் நடுவில் நீளமாக ஒன்று, நிலவில் உரசிக்கொண்டு சாத்த முடியாத கதவு. "பூச்சு விரிசல்னு சொல்றானுங்க சார். பூச்சு விரிசல்ல அஞ்சு ரூபாக் காசு போகுமுங்களா?" என்றார்.

விரிசலை முதலில் பார்த்தது 2019 ஐப்பசி மழையில். அடுத்த மாதமே, டிசம்பர் 2-ஆம் தேதி, அதே சாலையில் மேலே மேட்டுப்பாளையம் நடூரில் மழைக்குச் சுற்றுச்சுவர் சரிந்து 17 பேர் செத்துப்போனார்கள். அன்று ராத்திரியே அந்தம்மா பேரனின் பாயைச் சுவரோரத்திலிருந்து இழுத்து ஆசாரத்துக்கு நடுவில் போட்டுவிட்டார்.

வீடு கீழும் மேலுமாக 1,700 சதுர அடி. சதுர அடிக்கு 1,850 ரூபாய், மெட்டீரியலோடு. மொத்தம் 31 லட்சத்து 45 ஆயிரம். காண்ட்ராக்டர் ஒறம்பரை வகையில் வந்தவர். அதனால் ஒப்பந்தம் இரண்டே பக்கம். அதில் டைல்ஸ் என்ன விலைக்குள், நிலவு எந்த மரம், சுவிட்ச் எந்தக் கம்பெனி, பாத்ரூம் குழாய் எந்த மாடல் என்று ஒன்றரைப் பக்கம் போயிருந்தது. கடைக்காலைப் பற்றி ஒரே ஒரு வரி: 'ஆழம் 5 அடி, புட்டிங் 4க்கு 4, கனம் 1 அடி.' அந்த ஒரு வரி இருந்ததே எங்கள் அதிர்ஷ்டம். பல ஒப்பந்தங்களில் அதுவும் இருக்காது, 'தேவைக்கேற்ப' என்று முடித்திருப்பார்கள்.

வீட்டுப் புகாரோடு வருகிறவர்கள் இப்போதெல்லாம் 'ரெரா' என்ற சொல்லோடுதான் வருகிறார்கள். சொந்த இடத்தில் காண்ட்ராக்டர் வைத்துக் கட்டிக்கொள்ளும் தனி வீட்டுக்கும் ரெராவுக்கும் சம்பந்தம் இல்லை. அது கட்டி விற்கிறவர்களுக்கானது. நமக்கு நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவது 'சேவை'தான் என்று லக்னோ வளர்ச்சி ஆணையத்துக்கும் எம்.கே. குப்தாவுக்கும் நடந்த வழக்கில் 1993 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் எதிர்த்தரப்பு 'இது ஒப்பந்தத் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்' என்றுதான் பதிலுரையைத் தொடங்கும். இந்த வழக்கிலும் தொடங்கியது. காலாவதி என்றும் ஒரு வரி இருந்தது. விரிசல் கண்டு இரண்டு வருஷத்துக்குள் வந்திருந்தோம், போதாததற்குக் கொரோனா காலத்தை உச்ச நீதிமன்றமே கணக்கிலிருந்து கழித்திருந்தது. பழைய சட்டப்படி மாவட்ட மன்றத்தின் வரம்பு 20 லட்சம். 2020 ஜூலையில் புதுச் சட்டம் வந்து அப்போதைக்கு ஒரு கோடி ஆனதால் சென்னைக்கு அலையாமல் கோவையிலேயே தாக்கல் செய்தோம். (காண்ட்ராக்டரை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்கலாம், வக்கீலை இழுக்க முடியாது என்று 2024 மே மாதம் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. கட்சிக்காரர்களிடம் இதை நானாகச் சொல்வதில்லை.)

சட்டம் இவ்வளவுதான். வழக்கு மண்ணில் இருந்தது. பெரியநாயக்கன்பாளையத்துக் கரிசல் சாதாரணக் கரிசல் இல்லை. மண் ஆய்வுக்காரர்கள் ஒரு மண் வரிசைக்கே அந்த ஊர்ப் பேரை வைத்திருக்கிறார்கள். பருத்தி விளைந்த மண். 1888-இல் ஸ்டேன்ஸ் துரை கோவையில் முதல் மில்லை வைத்ததிலிருந்து இந்த ஊரின் காசெல்லாம் பருத்தியிலிருந்துதான் எழுந்தது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அதே குணம் செடிக்கு நல்லது, சுவருக்கு ஆகாது. மழையில் மண் உப்பும், சித்திரையில் சுருங்கி வெடிக்கும். வீடு முழுக்க ஒரே அளவில் ஏறி இறங்கினால்கூடப் பரவாயில்லை. ஒரு மூலை நனைந்து இன்னொரு மூலை காய்ந்து கிடந்தால் நடுவில் இருக்கும் சுவர் என்ன செய்யும்? அதனால்தான் ஆழமான கரிசலில் மூன்றரை மீட்டருக்குக் கீழே, ஈரம் ஏறி இறங்காத இடம் வரைக்கும் துளை போட்டு, அடியில் குமிழ் மாதிரி அகலப்படுத்தி பைல் இறக்குகிறார்கள். ரூர்க்கி ஆய்வு நிலையத்தில் உருவான முறை. நம் கட்சிக்காரர் வீட்டில் பைலும் இல்லை, பைல் வேண்டுமா என்று கேட்டவரும் இல்லை.

கடைக்காலைத் தோண்டிப் பார்க்கச் சொல்லி ஆணையரை நியமிக்க மனுப் போட வேண்டும். சும்மா 'ஆழம் குறைவாக இருக்கும் என்று நம்புகிறோம்' என்றால் வீட்டைச் சுற்றிக் குழி தோண்ட யாரும் உத்தரவு போட மாட்டார்கள். முதல் பார்வைக்காவது ஒரு ஆதாரம் வேண்டும். பில் எல்லாம் காண்ட்ராக்டரிடம். அப்போதுதான் அந்தம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங்க சார், நான் பால் கணக்கு நோட்டுல தினமும் வேலையப் பத்தி ரெண்டு வரி எழுதி வெச்சிருக்கறனுங்க. அது ஆகுமுங்களா?"

மறுநாள் கொண்டுவந்தார். நீல அட்டை, எண்ணெய்க் கறை. ஒரு பக்கத்தில் பால், தயிர், சீட்டுக் காசு. அதன் கீழேயே ஆள் எத்தனை, சித்தாள் எத்தனை, தண்ணி லாரி எத்தனை நடை. 2018 மார்ச்சில் ஒரு நாள்: 'புட்டிங் காங்கிரீட் 12-ம் இன்னிக்கே முடிஞ்சது. காலிச் சாக்கு 26.'

சாக்கை எதற்கம்மா எண்ணினீர்கள் என்றேன். "பழைய கடைக்காரன் எடுத்துக்குவானுங்க. மேஸ்திரி பசங்க தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு எண்ணி வெச்சனுங்க."

எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை இன்ஜினியர் என் மேஜையிலேயே கணக்குப் போட்டார். நாலுக்கு நாலு, ஒரு அடி கனம் என்றால் ஒரு புட்டிங் 16 கன அடி. பன்னிரண்டுக்கு 192. அது கிட்டத்தட்ட ஐந்தரை கன மீட்டர். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை. ஆக 43, 44 மூட்டை போயிருக்க வேண்டும். போனது 26. "ஒண்ணு, கலவை சொத்தை. இல்லைன்னா புட்டிங் மூணுக்கு மூணு. மூணுக்கு மூணு போட்டா இருபத்தஞ்சு மூட்டைக்கு வரும்" என்றார்.

அந்தப் பக்கத்தை வைத்து மனுப் போட்டோம். ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியரை ஆணையராகப் போட்டார்கள். 2022 மார்ச்சில் வந்தார். பொடக்காணிப் பக்கம் இரண்டு தூணை ஒட்டிக் குழி. கொல்லையில் மண் அப்போதே வெடித்துக் கிடந்தது. டேப்பை ஒரு வெடிப்பில் விட்டார், முழங்கால் அளவுக்கு இறங்கியது. குழிக்குள் புட்டிங் தெரிந்ததும் காண்ட்ராக்டர் தரப்பு ஜூனியர் வக்கீலும் நானும் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தோம். பேராசிரியர் அளந்து சத்தமாகச் சொன்னார்: மூன்றுக்கு மூன்று. ஆழம் மூன்றடி நாலு அங்குலம். வரைபடத்தில் இருந்த பிளிந்த் பீம் பின்பக்கச் சுவருக்கு அடியில் இல்லை. விரிசலின் குறுக்கே நான்கு இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டு பாலில் ஒட்டித் தேதி எழுதிவிட்டுப் போனார். அக்டோபர் கடைசியில் திரும்பி வந்தபோது மூன்று துண்டுகள் இரண்டாக உடைந்திருந்தன. பூச்சு விரிசல் என்ற பேச்சு அதோடு நின்றது.

இங்கேயே தீர்ப்பு வந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எதிர்த்தரப்பு சீனியர் அனுபவசாலி. ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் போதாது, நோட்டு முழுவதையும் தாக்கல் செய்யட்டும் என்றார். மறுக்க வழியில்லை. அந்தம்மாவுக்கு ஒரே கவலை: "சீட்டு எடுத்த காசெல்லாம் அதுல இருக்குதுங்க, சின்ன மாமியாருக்குத் தெரியாது." என் கவலை வேறு. முழு நோட்டையும் நான் படிக்கவில்லை. என்னுடைய தப்பு அது. அந்தச் சீனியர் படித்தார். 2018 பிப்ரவரியில் ஒரு வரி: 'மண் டெஸ்ட் வேண்டாம்னு தம்பிகிட்ட சொல்லியாச்சு. 12,000 மிச்சம்.' இரண்டு நாள் கழித்து: 'முன்பக்கக் கல்லுக்கு அட்வான்ஸ் 85,000.' ஆணையத் தலைவர் இரண்டு வரியையும் வாய்விட்டே படித்தார். எங்கள் கட்சிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னொன்றும் ஆணையரின் அறிக்கையில் இருந்தது. மழைநீர்ச் சேகரிப்புக் குழி. 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். வாஸ்துக்காரர் சனி மூலையில்தான் தண்ணீர் என்றார். மொட்டை மாடித் தண்ணீர் மொத்தமும் அந்த மூலைத் தூணுக்கு இரண்டடி தள்ளி மண்ணுக்குள் இறங்கியது. கார் நிறுத்தும் பக்கம் காங்கிரீட் போட்டுக் காய்ந்து கிடந்தது. வீடு முறுக்கிக்கொண்டதற்கு அதுவும் காரணம் என்றார் பேராசிரியர். சட்டம் குழி வேண்டும் என்றது, வாஸ்து மூலையைக் காட்டியது. கடைக்காலிலிருந்து எத்தனை அடி தள்ளி என்று சொல்லக் காண்ட்ராக்டர் ஒருவர்தான் இருந்தார், அவர் வாயைத் திறக்கவில்லை. என் வாதம் இதுதான்: தொழில் தெரிந்தவர் அவர், 'டெஸ்ட் இல்லாமல் கட்ட மாட்டேன்' என்று சொல்லியிருக்க வேண்டியவரும் அவரே. பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள்.

2023 ஆகஸ்டில் உத்தரவு. சரிசெய்ய ஆணையர் போட்ட மதிப்பீடு 9 லட்சம். உரிமையாளர் பங்குக்குக் கால்வாசி கழித்து 6,75,000. மன உளைச்சலுக்கு 50,000, செலவுக்கு 10,000. மேல்முறையீட்டுக்குப் பாதித் தொகையை முதலில் கட்ட வேண்டும் என்பதால் காண்ட்ராக்டர் பேச்சுவார்த்தைக்கு வந்து மூன்று தவணையில் கொடுத்தார். புட்டிங்கை ஒவ்வொன்றாகத் தோண்டி அகலப்படுத்தி, வீட்டைச் சுற்றி மூன்றடிக்குச் சரிவாகக் காங்கிரீட் போட்டு, மழைநீர்க் குழியைக் கேட் பக்கம் தள்ளினார்கள்.

இப்போது வீட்டு ஒப்பந்தம் எழுத வருகிறவர்களிடம் டைல்ஸ் பக்கத்தைக் கடைசியில் பார்க்கலாம் என்கிறேன். மண் அறிக்கை, கையெழுத்துப் போட்ட ஸ்ட்ரக்சுரல் வரைபடம், மண் மூடும் முன் அளந்து எடுத்த போட்டோ, அந்தப் போட்டோவுக்குப் பிறகுதான் இரண்டாவது தவணை. பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். ஒறம்பரையிடம் இதெல்லாம் கேட்டால் நல்லாயிருக்குங்களா சார் என்கிறார்கள்.

அசல் ஆவணங்களைத் திரும்ப வாங்க மனுப் போட்டு நோட்டை வாங்கிக் கொடுத்தேன். அந்தம்மா முத்திரையைத் தடவிப் பார்த்தார். கடைசிப் பக்கங்களை விரலால் புரட்டி எண்ணினார்.

"இன்னும் இருவது பக்கம் வெறுசா கெடக்குதுங்க சார்" என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.