விளை, ஏலா, பொழி: பாறசாலை எல்லையில் ஒரு திணை வாசிப்பு

1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த மாநில எல்லை, நெய்யாற்றின்கரை வட்டத்துக்கும் விளவங்கோடு வட்டத்துக்கும் இடையே சென்றது. தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. பிரிவுக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்பட்டது மொழி. அந்த அளவுகோல் பாறசாலை, களியக்காவிளை, ஊரம்பு, பொழியூர் போன்ற எல்லையோர ஊர்களின் மண்ணில் எவ்வளவு தெளிவாகப் பொருந்தியது என்பது வேறு கேள்வி.

தமிழில் 'களியக்காவிளை', மலையாளத்தில் 'களியிக்காவிள'. இங்கே விளை, அங்கே விள. மலையும் மலவும், பனையும் பனவும், பாறையும் பாறவும் இப்படியே. தமிழ்ச் சொல்லின் இறுதியில் நிற்கும் ஐகாரம் மலையாளத்தில் அகரமாக ஒலிப்பது திராவிட மொழியியலின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. இந்த ஊர்களின் மண்ணைச் சுட்டும் பல பெயர்களில் இரு மொழிகளையும் பிரிப்பது ஏறத்தாழ அந்த ஓர் உயிரெழுத்துத்தான்.

அப்பெயர்கள் சுட்டுவது நிலத்தின் இயல்பை. 'விளை' என்றால் மேட்டுப்பாங்கான தோட்ட நிலம். மரங்களும் கிழங்குகளும் வீடுகளும் அடுத்தடுத்து அமைந்த இடம். 'ஏலா' என்றால் இரு மேடுகளுக்கு இடையே நீண்டு கிடக்கும் நெல்வயல் பரப்பு. மேட்டில் பெய்யும் மழை வழிந்து வந்து தங்குமிடம். 'பொற்றை' சிறு குன்று. 'பொழி' ஆறோ காயலோ மணல்திட்டை உடைத்துக் கடலில் சேரும் வாய். பொழியூரின் பெயரில் நிற்பது அச்சொல்தான். பொற்றையில் தொடங்கி விளை, ஏலா, பொழி என்று இச்சொற்களை வரிசைப்படுத்தினால், மலையடிவாரத்திலிருந்து கடல் வரை நீர் செல்லும் வழி வரைபடமாகக் கிடைத்துவிடும். எந்த அரசும் இதை வகுக்கவில்லை. உழுதவர்களும் மரமேறியவர்களும் மீன்பிடித்தவர்களும் பேசிப் பேசி வகுத்தது.

இந்த வகைப்பாட்டைக் காணும் தமிழ் மாணவருக்குத் தொல்காப்பியத் திணைக் கோட்பாடு நினைவுக்கு வருவது இயல்பு. முதல், கரு, உரி என்ற மூன்றில், முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன. உரிப்பொருள் மாந்தரின் ஒழுக்கம். இந்த அடுக்கில் மனிதரின் தொழில், மரத்தோடும் பறவையோடும் ஒரே பட்டியலில் இடம்பெறுவது கவனத்துக்குரியது. இங்கே மனிதன் நிலத்தை எதிரே நின்று பார்ப்பவன் அல்லன். அதன் உறுப்புகளில் ஒருவன்.

'சூழலியல்' என்று இன்று நாம் வழங்கும் துறைக்கு எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866-இல் பெயர் சூட்டினார். வீடு என்னும் பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. உயிருள்ளவையும் உயிரற்றவையும் சேர்ந்து ஒரே அமைப்பாக இயங்குவதைக் குறிக்கும் 'சூழல் மண்டலம்' என்ற கருத்தை ஆர்தர் டான்ஸ்லி 1935-இல் முன்வைத்தார். இவற்றைத் தமிழர் முன்பே கண்டுபிடித்துவிட்டனர் என்று மார்தட்டுவது இரண்டு துறைகளுக்கும் நீதி செய்யாது. திணை கவிதைக்கான இலக்கணம். அளவீடும் சோதனையும் அதன் பணியல்ல. எனினும் அறிவியல் பெரும்பாலும் விட்டுவைக்கும் ஒன்றை அது சொல்கிறது: நிலம் மாறினால் மனிதரின் ஒழுக்கமும் மாறும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்வதும் இந்தச் சிந்தனையின் தொடர்ச்சியே.

'இயற்கை' என்ற சொல்லுக்கு வேர் 'இயல்'. மனிதரின் குணத்தைக் குறிக்கும் 'இயல்பு' அதே வேரில் கிளைத்தது. எல்லைக்கு அப்பால் பாடநூல் மலையாளத்தில் அதே பொருளுக்கு 'பிரகிருதி' வழங்குகிறது. சாங்கியத் தத்துவத்தில் பிரகிருதிக்கு எதிரே புருடன் என்ற சாட்சி தனித்து நிற்கிறான். மனமும் புத்தியும்கூடப் பிரகிருதியின் பகுதிகளே. பேச்சில் யாரும் இவ்வளவு யோசிப்பதில்லை என்பது உண்மை. ஆனாலும் ஒரு சொல் மனிதனை இயற்கைக்கு உள்ளே வைக்கிறது. மற்றது அவனுடைய சாட்சியை வெளியே நிறுத்துகிறது. இரண்டும் ஒரே தெருவில் புழங்குகின்றன.

நெய்யாற்றின்கரைக்குப் பெயர் கொடுத்த நெய்யாறு, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலைப் பகுதியில் தோன்றி, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறில் கடலை அடைகிறது. சங்கப் புலவர் பாடிய ஆய் ஆண்டிரனின் பொதியில் இந்த மலைத்தொடரே. தமிழுக்கு இலக்கணம் தந்தவராக மரபு போற்றும் அகத்தியரின் இருப்பிடமும் இதுவே. அதன் சரிவுகளில் வாழும் காணி மக்கள் தமிழும் மலையாளமும் கலந்த ஒரு மொழி பேசுகின்றனர்.

1987-இல் அம்மலையில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள், வழிகாட்டிய காணிகள் ஒரு சிறு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். காணிகள் 'சாத்தன்களஞ்ச' என்று அழைத்த அச்செடி, பிறகு 'ஆரோக்கியப்பச்சை' என்று அறியப்பட்டது. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோவை நிறுவனம் ஒன்றுக்கு உற்பத்தி உரிமம் வழங்கியது. உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதைப் பெற 1997-இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி நிகழ்வாக உலகம் இதைப் பேசுகிறது. அந்தப் புகழ் நியாயமானதே. ஆனால் அறக்கட்டளையின் பெயரிலேயே 'கேரள' என்ற அடைமொழி இருக்கிறது. காணிகளோ மலையின் இரு சரிவுகளிலும், இரு மாநிலங்களிலும் வாழ்கிறார்கள். செடியைப் பற்றிய அறிவு 1956-க்கு முற்பட்டது. அதற்கான பங்கு 1956-இன் கோட்டுக்கு ஒருபுறமே நின்றது.

ஆற்றின் கதையும் அத்தகையதே. மாநிலப் பிரிவினைக்கு முன்பே திட்டமிடப்பட்ட நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய், விளவங்கோடு வட்டத்தின் 9,200 ஏக்கருக்கும் நீர் தருவதாக இருந்தது. 2004-இல் அந்த நீர் நின்றது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. நெய்யாறு கேரளத்துக்குள்ளேயே பிறந்து கேரளத்துக்குள்ளேயே முடிவது, ஆகவே அது மாநிலங்களுக்கு இடையிலான ஆறு அன்று என்பது கேரளத்தின் வாதம். அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஒரு பங்கு தன் எல்லைக்குள் இருக்கிறது என்பது தமிழ்நாட்டின் வாதம். சட்டம் இதற்கு எந்த விடையையும் தரலாம். தத்துவத்தின் கேள்வி சற்றே வேறு: ஓர் ஆறு அது பிறந்த இடத்துக்கு உரியதா, அது நனைத்துப் பழக்கிய மண்ணுக்கும் உரியதா? நீரை நம்பி நெல் விதைத்த ஏலாக்கள், நீர் நின்றபின் வேறொன்றாக மாறத்தான் வேண்டும். சிலம்பு சொன்ன பாலை இங்கே வெயிலால் வரவில்லை. மதகு மூடியதால் வந்தது.

விளைகளில் நின்ற பனைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. பனம்பூவாகிய போந்தை சேரரின் அடையாளப் பூ. இன்று பனை தமிழ்நாட்டின் மாநில மரம், தென்னை கேரளத்தின் மாநில மரம். எல்லைக் கிராமங்களில் அந்தப் பிரிவு பொருளற்றது. பதநீரை இரு பக்கத்தாரும் 'அக்கானி' என்றே சொல்கிறார்கள். காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றிக் 'கருப்பட்டி' ஆக்குகிறார்கள். திருவிதாங்கூர் அரசு பனையேறியின் ஏணிக்கும் கால்தளைக்கும்கூட வரி விதித்தது. ஏணிக்காணம், தளைக்காணம் என்ற பெயர்கள் அதற்குச் சான்று. இத்தொழில் பற்றிய அழகுணர்ச்சியில் மறந்துவிடக் கூடாத பகுதி இது. இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று நாம் பாராட்டுவது, பலருக்கு வேறு வழியின்றிச் சுமந்த வாழ்வாகவும் இருந்தது. பனையேறியின் பிள்ளைகள் பனையை விட்டு இறங்கியதில் குறை காண எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் அவர்களோடு ஓர் அறிவும் இறங்கிவிடுகிறது. எந்தப் பாளையை எப்போது சீவுவது, கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு தடவினால் அக்கானி புளிக்காது, காற்று எத்திசையில் திரும்பினால் ஊறல் குறையும் என்பவை எழுதிவைக்கப்படாத அறிவியல். விளைகளில் ரப்பர் வந்தபின் 'மிருக்குத்தடி' என்ற சொல்லுக்குப் பொருள் தேவைப்படுவதில்லை. தடியைச் சாய்த்து ஏறுவதற்கு மரமில்லாதபோது, அகராதி அச்சொல்லைக் காப்பாற்றலாம். கால் அதை மறந்துவிடும்.

கேரள வருவாய் ஆவணங்களில் 'நிலம்' என்ற சொல்லுக்கு நெல்வயல் என்று பொருள்; மேட்டு மனை 'புரயிடம்'. தமிழுக்கு முதற்பொருளான நிலம், அங்கே நீர் தங்கும் வயலுக்கு மட்டும் உரிய பெயராகச் சுருங்கியிருக்கிறது. வயலை மண்ணிட்டு மேடாக்கினால் அதன் பெயர் மாற வேண்டும். பெயர் மாறினால் விலையும் மாறும். இதைத் தடுக்கவே 2008-இல் நெல்வயல், தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்தத் துண்டு இன்னும் 'நிலம்', எது அன்று என்று பட்டியலிடுவதே அச்சட்டத்தின் பெரும்பணி. அரசுக்கும் உரிமையாளருக்கும் இடையே நடக்கும் அவ்வழக்குகள், ஆழ்ந்து நோக்கினால், ஒரு சொல்லின் பொருளைப் பற்றிய வழக்குகள்.

இலக்கியம் நிலத்துக்கு ஒழுக்கம் வகுத்தது. அறிவியல் அதன் இயக்கத்தை விளக்கியது. தத்துவம் அதில் மனிதனின் இடத்தைக் கேட்டது. மூன்றும் சந்திக்கும் இடம் தொலைவில் இல்லை. பாறசாலையில் ஓர் ஏலாவின் மேல் முதல் லாரி மண் கொட்டப்படும்போது, மழைநீர் தங்கும் இடமும் தவளையின் இருப்பும் ஊரின் ஒரு பெயரும் ஒருசேரப் புதைகின்றன. அடுத்த மழைக்காலத்தில் வீட்டு முற்றத்தில் நீர் ஏறிநிற்கும். அப்போது அது வெள்ளம் என்று அழைக்கப்படும். அந்த நீருக்கு அங்கே ஏற்கனவே ஓர் இடமும் அந்த இடத்துக்கு ஒரு சொல்லும் இருந்தன.