ஒரு புள்ளியின் பெருமை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத் தலைநகரான கொலம்பஸில், ஒலன்டாஞ்சி ஆற்றங்கரையில், குதிரை லாட வடிவில் ஒரு விளையாட்டரங்கு எழும்பி நிற்கிறது. 1922-இல் திறக்கப்பட்ட இவ்வரங்கில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆடும் சனிக்கிழமைகளில் ஏறத்தாழ இலட்சம் பேர் கூடுவர். ஆட்டம் தொடங்குமுன்னரே இருக்கையில் அமர்ந்துவிட விரைவோர் பலர். மாணவரின் பாண்டு வாத்தியக் குழுவைக் காணத் தவறலாகாது என்பதே காரணம்.

1878-இல் சிறு குழல்களும் முரசுகளும் கொண்டு பிறந்த குழு இது. 1934 முதல் பித்தளைக் கருவிகளும் தோற்கருவிகளும் மட்டுமே இதில் உண்டு. கிளாரினெட்டுக்கோ புல்லாங்குழலுக்கோ இடமில்லை. இருநூறுக்கு மேற்பட்டோர் படைவீரர் உடையில் சரிவுப்பாதை வழியே விரைநடையில் இறங்குவர். கோலேந்திய அணித்தலைவர் அவர்களிடையே ஓடிவந்து, தொப்பியின் இறகு தரையைத் தொடுமளவு பின்னோக்கி வளைவார். அப்போது எழும் ஆரவாரம் அரங்கையே அதிர வைக்கும்.

இவற்றுக்கெல்லாம் முடிசூட்டுவது எழுத்துக் கோலம். பிரெஞ்சு நாட்டுப் படைநடைப் பண் ஒன்றை முழக்கியவாறே, ஒருவர் பின் ஒருவராக நடந்து, மாநிலத்தின் பெயரை ஆங்கிலக் கூட்டெழுத்தில் புல்தரையில் வரைகின்றனர். இறுதியில் ‘ஐ’ என்னும் எழுத்தின் மேற்புள்ளியாகச் சென்று நிற்பவர், உடலைச் சுற்றிக் கிடக்கும் சூசாஃபோன் என்ற பெருங்குழலைச் சுமந்த மூத்த மாணவர் ஒருவர். காலை உயர வீசி, சுழன்று, அரங்கின் இருபுறமும் தாழ்ந்து வணங்குவார்.

1936-இல் முதன்முறை புள்ளியானவர் எக்காளம் ஊதிய மாணவரே. மறு ஆண்டு அவ்விடம் கிளென் ஜான்சன் என்னும் சூசாஃபோன் மாணவருக்குக் கிடைத்தது. 1938-இல் ஒரு நாள் அணித்தலைவர் சற்று முந்தி வந்துவிட்டார். பண் முடியவில்லை, எஞ்சிய தாளத்தைப் போக்க ஜான்சன் காலை வீசினார், சுழன்றார், வணங்கினார். அன்றைய சமாளிப்பே இன்று மாற்றக்கூடாத மரபு! நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்புக்கும் 1978-இல் அந்தப் புள்ளியாகும் பேறு வாய்த்தது.

பழைய மாணவராயினும் ஆண்டுதோறும் புதிதாகத் தேர்வெழுதுவோர்போல் வாசித்துக் காட்டியே இடம் பெற வேண்டும். நல்ல கட்டுப்பாடுதான். ஆனால், பெண்களுக்கு இடமில்லை என்பதும் 1973 வரை மரபாகவே கருதப்பட்டது. அது நீங்கியதால் இசை குன்றிவிடவில்லை. 1981-இல் ஒரு பெண்ணே கோலேந்தி முன் நடந்தார்.

இதனினும் கசப்பான மரபுகளும் திரைமறைவில் வளர்ந்திருந்தன. 2014-இல் மாணவர் ஒருவரின் பெற்றோர் முறையிட, பல்கலைக்கழகம் விசாரணை நடத்தியது. புதியவருக்கு இழிவான பட்டப்பெயர் சூட்டலும், நள்ளிரவில் உள்ளாடையுடன் அணிவகுத்தலும் வெளிப்பட்டன. குழுவின் இயக்குநர் பதவிநீக்கம் செய்யப்பட்டார். ‘வேடிக்கையைக் குற்றமாக்குகிறார்கள்’ என்று முன்னாள் உறுப்பினர் பலர் கொதித்தனர். பிள்ளையை நம்பி அனுப்பிய ஒரு வீட்டார் வாய் திறந்திராவிடில், அந்த வேடிக்கை இன்னும் எத்தனை பேரை நாணச் செய்திருக்குமோ!

அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலும் குழு சரிவுப்பாதையில் இறங்கியது. பெயர் எழுதப்பட்டது, பெருங்குழல் மாணவர் தம் இடம் சென்று வணங்கினார்.