பம்பலப்பிட்டிக் கணினிச் சந்தையிலே

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸிலே புறப்பட்டவர்கள் பொழுது புலருமுன்னரே வெள்ளவத்தையில் இறங்கிவிடுவார்கள். இறங்கிய பின்னர்தான் தொல்லை. கடைகள் திறக்கப் பத்து மணியாகும். அதுவரை என் செய்வது? உறவினர் வீட்டுக் கதவைத் தட்டலாம். தட்டினால் பகற்சோறு உண்ணாமல் விடமாட்டார்கள். வந்த காரியமும் கெடும். ஆகையால் நானும் என் தமக்கையின் மகனும் ஒரு தேநீர்க் கடையிலே முகங்கழுவி, ஆளுக்கொரு தேநீர் அருந்திவிட்டு, கடலோரமாகச் செல்லும் மரைன் டிறைவ் வழியே பம்பலப்பிட்டியை நோக்கி நடக்கலானோம். ஒரு பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கருங்கற் பாறைகள், அதற்கப்பால் கடல். காலைப் புகைவண்டி ஒன்று வாசலிலும் படியிலும் ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு கோட்டைப் பக்கமாக ஓடியது.

எங்கள் பிரயாணம் யாத்திரையுமன்று, உல்லாசமுமன்று. பையனுடைய கணினியைப் புதுப்பிப்பதற்கு வேண்டிய உறுப்புகளைத் தெரிந்து வாங்குவதற்காகவே நானூறு கிலோமீற்றர் வந்திருந்தோம். யாழ்ப்பாணத்திலும் கணினிக் கடைகள் உண்டு. ஆனால், பாவித்த கிராபிக்ஸ் காட்டுகளைப் பத்துக் கடைகளில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டுமாயின் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குத்தான் வரவேண்டும் என்பது பையனுடைய திடமான கொள்கை. கையிலிருந்த பணம் ஒரு லட்சத்து இருபதினாயிரம் ரூபா. அக்கா தையல் தைத்து, மாதந்தோறும் சீட்டுக் கட்டி எடுத்த பணம் அது.

மிலாகிரியப் பக்கம் வந்தபோது பையன் நடையைத் தளர்த்தினான்.

“மாமா, நான் அம்மாவுக்குப் படிப்புக்கு என்றுதான் சொன்னனான்.”

“படிப்புக்கு இல்லையோ?”

“படிப்புக்கும்தான். பிளெண்டர் பழகவேணும். ஆனால் விளையாட்டுக்கும்தான். விளையாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.”

நான் பதில் சொல்லவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை தானாகச் சொல்லத் தொடங்கிய உண்மையை இடையிலே குறுக்கிடுவது நன்றன்று. காலி வீதிக்கு ஏறிக் கதிரேசன் கோயிலிலே கும்பிட்டுவிட்டு, கடை திறக்கும் வேளைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தோக்கியோ நகரத்தில் அக்கிஹபாரா என்றொரு பகுதி உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வானொலி உறுப்புகளை விற்ற சிறு கடைகளாய்த் தொடங்கிய இடம் அது. சென்னைக்கு ரிச்சி தெரு. சிங்கப்பூருக்குச் சிம் லிம் சதுக்கம். கொழும்புக்கு இந்த யூனிட்டி பிளாசா. மெஜஸ்டிக் சிற்றியின் அருகே, வெளிப்பார்வைக்கு அப்படியொன்றும் அழகில்லாத கட்டடம். உள்ளே நுழைந்துவிட்டாலோ, மாடிக்கு மாடி கண்ணாடிக் கடைகள், கண்ணாடிகளிலே விலைப்பட்டியல்கள், பெட்டிகளைச் சுற்றி ஒட்டும் நாடாவை இழுக்கும் கிறீச்சொலி. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே வாக்கியத்திலே கலந்து பேசும் இளைஞர்கள், “என்ன வேணும், அண்ணா?” என்று அழைக்கிறார்கள். வண்ண விளக்குகள் மின்னும் கணினிகளைப் பார்த்தால் நல்லூர்த் திருவிழாச் சிகரம் ஞாபகத்துக்கு வரும். அவ்விளக்குகள் விளையாட்டை ஓர் இம்மியளவும் விரைவாக்கமாட்டா என்பதை யாரும் சொல்வதில்லை. இங்குள்ள விலைகளை நான் எழுதப்போவதில்லை. 2022 ஆம் ஆண்டில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரைக்கும் சில வாரங்களிலே ஏறியதை இக்கடைக்காரர் எவரும் மறக்கவில்லை. 2024 தை மாதத்திலே பெறுமதி சேர் வரியும் 18 வீதமாகிவிட்டது. இன்றைய விலை நாளை வாசகருக்குப் பயன்படாது.

பையனுடைய கணினியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ரைசன் 3 2200ஜி என்னும் நாலு கருப் புரோசெசர், பி450 மதர்போட், 8 ஜிபி ராம் ஒற்றைத் துண்டு, நான் போட்டுக்கொடுத்த எஸ்.எஸ்.டி. ஒன்று. கிராபிக்ஸ் காட் கிடையாது. புரோசெசருக்குள்ளேயே இருக்கும் சிறு பகுதிதான் திரையிலே படத்தைக் காட்டுகிறது. அவன் எழுதி வந்த கடதாசியிலோ, ரைசன் 5 5600 புரோசெசர், 16 ஜிபி ராம், கண்ணாடிப் பக்கமும் மூன்று விசிறிகளும் கொண்ட புதிய கேசிங் என்று இருந்தது. கிராபிக்ஸ் காட்டை அடுத்த வருஷம் வாங்கலாம் என்பது அவன் திட்டம். போன ஆவணியிலே எழுதிய பட்டியல் அது.

முதலாவதாக ஏறிய கடையிலே அந்தப் பட்டியலை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டால் வியாபாரம் குறையும் அல்லவா? கணக்குப் போடத் தொடங்கினார்கள். ராம் என்ற இடத்தில் பையனுடைய முகம் மாறியது. 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே செயற்கை நுண்ணறிவுக் கணினி நிலையங்களுக்காக நினைவகச் சில்லுகள் பெருமளவிற் போகத் தொடங்கியதால், உலகெங்கும் ராம் விலை ஏறிவிட்டது. ஆவணியில் எழுதிய விலை இரட்டிப்புக்கு மேலாகியிருந்தது. அப்படியானால் ராமைக் குறைத்து ஒரு காட் எடுக்கலாம் என்று சொல்லி, பாவித்த ஆர்.எக்ஸ். 580 ஒன்றை மேசைமேல் வைத்தார் விற்பனை இளைஞர். “8 ஜிபி, அண்ணா, நல்ல சாமான்.”

காட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் முனை எங்கள் பழைய பவர் சப்ளையிலே இல்லை என்று நான் சொன்னேன். அது ஒரு பிரச்சினையா என்று சிரித்து, மொலெக்ஸ் முனையை மாற்றிக் கொடுக்கும் ஒரு கம்பியை இலவசமாகவே தருவதாகச் சொன்னார். அந்த இலவசத்தைக் கண்டவுடன் நான் எழுந்துவிட்டேன். ஏழெட்டு வருஷங்களுக்கு முன், வேறோர் ஊரில், வேறொரு கடையில், கேசிங்குடன் இலவசமாகக் கிடைத்த பவர் சப்ளை ஒன்றை நம்பினேன். மழை நாள் இரவொன்றிலே அது டப்பென்று வெடித்துப் புகைந்தது, மதர்போட்டும் போயிற்று, ஹார்ட் டிஸ்க்கும் போயிற்று. என் தகப்பனாருடைய கடைசி இரண்டு வருஷப் படங்கள் அதனுள்ளேதான் இருந்தன.

மேல்மாடியில் ஒரு மூலைக் கடை. விளக்கு அலங்காரம் இல்லை. திறந்து கிடக்கும் கணினிகள் நாலைந்தும், பற்றுவைக்கும் புகை நாற்றமும் இருந்தன. தாடி வைத்த நடுவயதுக்காரர் ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பையனுடைய கடதாசியை வாங்கி வாசித்தார். பிறகு பையனைப் பார்த்தார்.

“தம்பி, காட் அடுத்த வருஷம் என்றால், இந்த வருஷம் எதிலே பார்க்கப்போறீர்?”

பையன் விழித்தான்.

“5600 புரோசெசரில் படம் காட்டும் பகுதி இல்லை. உங்கட பழைய 2200ஜியில் இருக்கு. அதைக் கழற்றி இதைப் போட்டால் விசிறி சுற்றும், திரை இருட்டு. இந்த ஏ.எம்.4 வகையிலே எண்ணுக்குப் பின்னால் ‘ஜி’ எழுத்து இருக்கோ என்று பார்க்கவேணும்.”

எனக்கும் முதுகு சில்லிட்டது. அக்காவின் சீட்டுப் பணத்திலே ஓர் இருண்ட திரையை வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போய் இறங்கியிருப்போம். மாற்றிக்கொடுக்க மீண்டும் ஒருவர் நானூறு கிலோமீற்றர் வந்திருக்கவேண்டும். போதாக்குறைக்கு, பழைய பி450 மதர்போட்டின் பயோஸைப் புதுப்பித்தாலன்றி அது 5600 புரோசெசரை அடையாளங் காணாது. புதுப்பிக்கும் வேலையைப் பழைய புரோசெசர் இருக்கும்போதே செய்துவிடவேண்டும் என்றும் அவர் சொன்னார்.

அதன் பின்னர் அவர் கேட்ட கேள்விகள் கடைக்காரர் கேட்பவையல்ல, வைத்தியர் கேட்பவை. என்ன மொனிற்றர்? 1080 வரி, விநாடிக்கு 60 முறை. கேசிங்குக்குள் எவ்வளவு நீளம் உண்டு? இதற்குப் பையன் அளவுநாடா வைத்து அளந்தே வந்திருந்தான். பத்தரை அங்குலம் என்றான். பெரியவர் முகத்திலே முதன்முதலாக ஒரு திருப்தி தெரிந்தது. கீழ்க்கடையில் ஆர்.எக்ஸ். 580 காட்டியதைச் சொன்னேன். 2017 இல் வந்த காட் அது. 185 வாட் இழுக்கும். அதே பெயரிலே 2304 கணிப்புக் கூறுகள் இருக்கவேண்டிய இடத்தில் 2048 மட்டுமே கொண்ட வகையொன்றும் உலாவுகிறது. பெட்டியைப் பார்த்தாற் தெரியாது, ஜி.பி.யூ.-இசட் என்னும் சிறிய இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தாற்றான் தெரியும் என்றார். எதீரியம் நாணயம் 2022 புரட்டாதி 15 ஆந் திகதி காட்டுகளைக் கொண்டு அகழும் முறையைக் கைவிட்டபோது, இரவு பகலாய் உழைத்துக் களைத்த காட்டுகள் உலகச் சந்தையில் வந்து குவிந்தன. அவற்றுள் நல்லனவும் உண்டு, சாகப்போகின்றனவும் உண்டு.

அவர் எடுத்து வைத்தது ஆர்.எக்ஸ். 6600. இதுவும் பாவித்ததே. 2021 இல் வந்தது; 8 ஜிபி; 132 வாட் போதும். எங்கள் மொனிற்றருக்கு ஏற்ற காட். புரோசெசர் 65 வாட். மற்றவற்றையும் கூட்டினால் 300 வாட்டைத் தாண்டாது. ஆகவே 550 வாட் பவர் சப்ளை தாராளம்; ஆனால் அது புதியதாகவும் நல்லதாகவும் இருக்கவேண்டும். பெட்டியிலே ‘80 பிளஸ்’ என்று ஒட்டியிருப்பதைக் கண்டு மயங்கவும் கூடாது. எடுக்கும் மின்சாரத்தில் 80 வீதத்துக்குக் குறையாமல் கணினிக்குக் கொடுக்கும் என்பதற்குத்தான் அந்த முத்திரை. மின்னழுத்தம் எகிறும்போது தன்னையும் பிறரையும் காக்குமா என்பதற்கு அதிலே பதில் இல்லை.

இங்கே எங்களுக்குள் வழக்கொன்று எழுந்தது. நாலு கருப் புரோசெசரோடு இந்தக் காட்டைப் போட்டால், கிழட்டு மாட்டைப் புதுவண்டியிலே பூட்டியது போலாகாதா என்று பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். புதிய விளையாட்டுகளிலே புரோசெசர் மூச்சு வாங்கும். காட் சும்மா காத்திருக்கும். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஐப்பசி 14 இல் நின்றுவிட்டது. 2200ஜியோ விண்டோஸ் 11 ஏற்கும் புரோசெசர்களின் பட்டியலில் இல்லை. இவை இரண்டும் என் கட்சிக்கு எதிரான வாதங்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் காட்டை முதலில் வாங்கினால் அது இன்றே வேலை செய்யும். பிளெண்டரிலே உருவங்களைத் திருப்பிப் பார்ப்பதற்கும் உடனே உதவும். நாளை 5600 வரும்போது அதே மதர்போட்டில், அதே பவர் சப்ளையில் ஏறும். புரோசெசரை முதலில் வாங்கினால் இருட்டு. ஏ.எம்.4 என்னும் இந்தத் தளம் 2016 இல் தொடங்கியது. 2024 இலும் அதற்குப் புதுப் புரோசெசர்கள் வந்தன. ஆகவே பாவித்த 5600 ஒன்றுக்கு அடுத்த வருஷமும் பஞ்சம் வராது என்று துணிந்தேன். பையன் கேசிங்கின் கண்ணாடிப் படத்தை இன்னொரு முறை பார்த்தான். பிறகு பேனாவை வாங்கி அந்த வரியைத் தானே வெட்டினான்.

எஞ்சிய பணத்துக்கு ராம். 8 ஜிபி பாவித்த துண்டொன்று, பழையதன் வேகத்துக்கு இணையானது, கிடைத்தது. ஒரு துண்டு மட்டும் இருக்கும்போது புரோசெசருக்கும் நினைவகத்துக்கும் இடையிலுள்ள இரண்டு வாய்க்கால்களில் ஒன்றிலே மாத்திரந்தான் நீர் ஓடும். இரண்டு துண்டானால் இரண்டும் ஓடும். 16 ஜிபி ஒற்றைத் துண்டு வாங்குவோர் இதைக் கவனிப்பதில்லை. பணமே இல்லாமல், கிராபிக்ஸ் காட்டும் இல்லாமல் இருக்கும் மாணவர்கள் முதலிற் செய்யத்தக்க வேலை இதுதான் என்பது என் எண்ணம். புரோசெசருக்குள் இருக்கும் படப்பகுதி அதே ராமைத்தான் பகிர்ந்து உண்கிறது. இரண்டாம் துண்டு போட்டவுடனே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பணம் கொடுக்கு முன்னர் காட்டைத் தம்முடைய சோதனை மேசையிலே பூட்டி அரை மணி நேரம் ஓடவிட்டார் பெரியவர். ஜி.பி.யூ.-இசட்டிலே பெயரும் எண்ணும் ஒத்தன. விசிறி இரண்டும் முனகாமற் சுற்றின. படம் வெளிவரும் துளைகள் ஒவ்வொன்றிலும் கம்பியை மாற்றி மாற்றிச் செருகிக் காட்டினார். பாவித்த பொருளுக்கு மூன்று மாத உத்தரவாதம். அதையும் ரசீதிலே எண்ணாலும் எழுத்தாலும் எழுதித் தந்தார். அந்த அரை மணி நேரமும் பையன் அசையாமல் நின்றான்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பையன் காலி வீதி ஓரத்திலேயே நின்று தாயாருக்குத் தொலைபேசி எடுத்தான்.

“அம்மா, வாங்கிட்டம். அம்மா... இது படிப்புக்கு மட்டும் இல்லை. விளையாடவும்தான் வாங்கினனான்.”

ஒலிபெருக்கியிலே அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. “அது எனக்கு முதலே தெரியும், ராசா. மாமா சாப்பிட்டவரோ?”

காலையிலிருந்து தேநீரோடுதான் நின்றிருந்தோம். வெள்ளவத்தைக்குத் திரும்பி, ஒரு சைவக் கடையிலே இடியப்பமும் சொதியும் உண்டுவிட்டு இரவு பஸ் ஏறினோம். பெட்டியைக் கீழேயுள்ள சாமான் அறையில் வைக்கும்படி நடத்துநர் சொன்னார். பையன் இசையவில்லை. வவுனியா தாண்டி நான் கண்விழித்துப் பார்த்தபோதும் அது அவன் மடியிலேயே இருந்தது. அவன் தலைமட்டும் என் தோளிலே சாய்ந்திருந்தது.