எட்டு மணி ஜெபம்

வீட்டில் பிள்ளைகளுக்குப் பக்தியை எப்படி ஊட்டுவது என்று கேட்டு ஒரு தாயார் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். குருமாரைக் கேட்க வேண்டிய கேள்வி. கதை எழுதுகிறவனைக் கேட்டால் அவன் தன் வீட்டுக் கதையைத்தான் சொல்லுவான்.

எங்கள் வீடு ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தது. தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. 1986-ல்தான் பிரிந்து தூத்துக்குடியோடு போயிற்று. கள்ளபிரான் கோயில் கொண்ட ஊர், குமரகுருபரர் பிறந்த ஊர். ஆற்றுக்குத் தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் நாசரேத், 1799-ல் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டான முதலூர் என்று ஊர்கள் இருக்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைக்கு ஊரே பக்தி சொல்லிக் கொடுக்கும். கோயில் மணி, அசனச் சாப்பாடு, கிறிஸ்துமஸ் விடியற்கால பஜனை எல்லாம் வாசலுக்கே வந்துவிடும். எங்கள் தெருவிலோ கிறிஸ்தவ வீடு ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் நாலு சுவருக்குள் நாங்களே செய்துகொள்ள வேண்டும்.

காலையில் எங்களை எழுப்பியது அடுத்த வீட்டு ஐயங்கார் பாட்டி. அவள் குரல் திருவாய்மொழியைத் தொடங்கியதும் அம்மா வந்து போர்வையை இழுப்பாள். "பாட்டி அவுக சாமிய நெனச்சு எந்திரிச்சாச்சு. ஒங்க சாமிக்கு ஒங்களத் தவிர இந்தத் தெருவுல யாருல இருக்கா?" என்பாள். எனக்கு ஆண்டவர் மேல் முதன்முதலாக உண்டானது பக்தி அல்ல, பரிதாபம்.

உலை வைக்குமுன் அம்மா ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். சேர்ந்தது கோயிலுக்குப் போகும். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த காணிக்கை அது. மாதக் கடைசியில் எங்களுக்கே கஞ்சியாகிவிடும் நாட்களில், பிடி சற்றுச் சிறுக்கிறதா என்று நான் உற்றுப் பார்த்ததுண்டு. சிறுத்ததில்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

தகப்பனார் அப்படியல்ல, சொல்லிக்கொண்டே இருப்பார். இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பாய் விரித்து ஒரு கீர்த்தனை, ஓர் அதிகாரம், பிறகு முழங்கால். ஆண்டவரோடு பேசுவதுபோல எங்களோடுதான் பேசுவார். "மண்ணெண்ணெய் வாங்கப் போன பிள்ளை மீதிச் சில்லறையில் காலணா குறைத்ததை நீர் அறிவீர்" என்பார். ஆண்டவர் அறிவாரோ என்னவோ, அம்மா அப்போதுதான் அறிவாள். கண்ணை மூடியபடியே அவள் கை என் தொடையைத் தேடி வரும்.

ஞாயிறு மாலைகளில் இரட்சணிய யாத்திரிகம் வாசிப்பார். எங்கள் பக்கத்துச் சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை பாடியது. 1827-ல் கரையிருப்பில் வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாரிடம் கம்பராமாயணம் கற்றவர். 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். 1894-ல் அவருடைய காவியம் வெளிவந்தபோது அதில் கம்பனின் நடை ஓடிற்று. வீட்டில் சிறு வயதில் காதில் விழுந்தது ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து வேறோர் ஆண்டவரைப் பாட வந்து நின்றது. நாங்கள் வசனங்களை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதற்காகவே தகப்பனார் இதைச் சொன்னார். எனக்கு இப்போது வேறு விதமாகப் படுகிறது: பெற்றவன் கொடுப்பது ஒன்று, பிள்ளை பிடித்துக்கொள்வது எதுவோ, யார் கண்டார்கள்!

1953-ம் வருஷம் எனக்கு ஒன்பது வயது. தகப்பனாருக்கும் சித்தப்பாவுக்கும் மனஸ்தாபம் வந்தது. நாசரேத்துக்கு அருகே பூர்வீகப் பனங்காட்டைப் பங்கு வைத்ததில் பதினொரு பனை யாருக்கு என்று தகராறு. ஓலைக் கொட்டானில் கருப்புக்கட்டியோடு மாதம் ஒரு முறை வரும் சித்தப்பா நின்றுவிட்டார்.

ஜெபத்தின் முடிவில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லுவோம். ஓர் இரவு, மன்னிப்பைப் பற்றிய இடம் வந்தபோது தகப்பனாரின் குரல் இல்லை. அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொண்டது. இருமலாக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். உதடுகள் இறுக மூடியிருந்தன. பக்கத்தில் அக்காளும் ஒரு கண்ணைத் திறந்திருந்தாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் அந்த ஒரு வரியை முன்னைவிடச் சற்று உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள். இப்படி இரண்டு மாதம் நடந்தது.

பிறகு ஒரு நாள் தம்பியும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு ஐந்து வயது. அந்த வாரந்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தான். ஆமென் சொன்னதும் தகப்பனார், "ஏம்ல, மறந்துட்டியா?" என்று கேட்டார்.

"மறக்கலப்பா. அது பெரியவுக சொல்ல வேண்டாம்லா? நானும் இப்பம் பெரிய பையன்."

நாங்கள் அடிக்குக் காத்திருந்தோம். தகப்பனார் விளக்குத் திரியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். பிறகு படுக்கச் சொன்னார்.

மறுநாள் காலை அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. அணைப் பாலத்தைக் கடந்து புதுக்குடிக்கு நடந்து, நாசரேத்துக்கு ரயில் ஏறினார். (2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் எண்ணூறு பேரோடு சிக்கிக்கொண்டு, ஊர்க்காரர்கள் சமைத்துப் போட்டார்களே, அதே நிலையந்தான்.) பொழுது சாய்ந்து திரும்பியபோது கையில் ஓலைக் கொட்டான் இருந்தது. என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பனை பதினொன்றும் சித்தப்பாவிடமே நின்றன; அதற்காகத் தகப்பனார் பல வருஷம் முணுமுணுத்ததும் உண்டு. ஆனால் அன்று இரவு அந்த வரியைச் சொன்னார், கஷாயம் குடிக்கிறவன்போல அவசரமாக, ஒரே மடக்காக.

நான் கற்றுக்கொண்ட வேதபாடங்களில் பாதி மறந்துவிட்டது. அந்த மடக்கு மறக்கவில்லை.

அதே தம்பியோடு நான் பேசி நாலு வருஷமாகிறது. ஸ்ரீவைகுண்டத்து வீட்டை விற்ற பணத்தில் வந்த பேச்சு. பாளையங்கோட்டையில் இருக்கிறான், பஸ்ஸில் போய் வருகிற தூரந்தான். என் வீட்டிலும் எட்டு மணிக்கு ஜெபம் உண்டு. விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன், கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு முழங்கால் போடுகிறான். நான் அந்த வரியைத் தடங்கல் இல்லாமல், நல்ல கணீரென்ற குரலில் சொல்லிவிடுகிறேன். தகப்பனாருக்குச் சொல்ல வராததைச் சொல்லாமல் விடுகிற நேர்மையாவது இருந்தது.

அந்தத் தாயாருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. நேற்று இரவு அந்த வரி வந்தபோது, பேரன் விழித்திருக்கிறானா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவனும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.