ஆற்றில் விட்டாலும் அளந்து விடு!

மீன் என்ற வார்த்தையைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கும் சைவக் குடும்பத்துச் சகோதரிகளுக்கு முதலிலேயே ஒரு வாக்குறுதி கொடுத்துவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் மீன்கள் வரும், துள்ளும், தராசிலும் ஏறும். ஆனால் ஒன்றுகூட அடுப்பங்கரைப் பக்கம் வராது. இதனால் அசைவக் குடும்பத்துச் சகோதரிகளுக்கு ஏமாற்றம் ஏற்பட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல. இங்கிலாந்து தேசத்துத் தூண்டில்காரர்கள்தான் பொறுப்பு!

அந்தத் தேசத்தில் லட்சக்கணக்கான பேர் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, குளிரில் விறைத்துப்போய், மணிக்கணக்காகக் காத்திருந்து மீன் பிடிக்கிறார்கள். பிடித்த மீனைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறார்கள். ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அதை மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள்! "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அதை இவ்வளவு எழுத்துப் பிசகாமல் அனுசரிக்கும் ஜனங்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிடிப்பானேன், விடுவானேன்? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு ஒரு நவம்பர் மாதத்தில் டெர்வென்ட் நதியோடு பிரயாணம் செய்தேன். அதற்கு ஒரு பதில் ஆற்றங்கரையில் கிடைத்தது. அதைவிடப் பெரிய பதில் கோர்ட்டுக் கட்டுகளில் இருந்தது!

மீன்களிலும் மேல் தட்டு

மனிதர்களுக்குள் இருக்கும் உயர்வு தாழ்வு போதாதென்று இங்கிலாந்துக்காரர்கள் மீன்களையும் இரண்டு தட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சாமன், டிரவுட் இரண்டும் பிரபுக்களின் மீன்கள். அவற்றைப் பிடிக்க விலை உயர்ந்த துறைகள், இறகில் கட்டிய செயற்கை ஈக்கள், ஏகப்பட்ட சம்பிரதாயங்கள். மற்ற நன்னீர் மீன்கள் எல்லாம் 'கோர்ஸ்' மீன்கள். முரட்டு மீன், சாதாரண மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோச், சப் போன்ற நம் கெண்டைக்கு உறவுக்காரர்கள் இந்தத் தட்டைச் சேர்ந்தவர்கள். இவர்கள் தொழிலாளிகளின் மீன்கள்.

இந்த ஏழை மீன்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்ததும் தொழிலாளிகளால்தான். ஷெஃபீல்டு நகரத்தில் கத்தியும் கரண்டியும் செய்தவர்கள் விடுமுறை நாட்களில் ரயிலேறித் தூண்டிலோடு புறப்பட்டுவிடுவார்கள். அவர்களுடைய பார்லிமெண்ட் அங்கத்தினரான முண்டெல்லா 1878-ஆம் வருஷம் ஒரு சட்டம் கொண்டுவந்தார். முட்டையிடும் காலமான மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இந்த மீன்களைத் தொடக்கூடாது என்றது அந்தச் சட்டம். இங்கிலாந்தின் நதிகளில் இன்றும் அதே கெடுதான். ஜூன் 16 பிறந்ததோ இல்லையோ, தூண்டில்காரர்களுக்குத் தீபாவளி!

இந்தக் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் புத்தகத்தை எழுதியவர் ஒரு பெண்மணி என்பது மரபு. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிமாடத் தலைவி. புத்தகம் அச்சானது 1496-இல். ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்றாலும், நம் சகோதரிகள் அந்தப் பெருமையை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நதியோடு போகும் ரயில்

லண்டனிலிருந்து டார்பி நகரத்துக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கே வேறொரு சிறு ரயிலுக்கு மாறி வடக்கே மாட்லாக் வரை போனேன். அந்த ரயிலும் டெர்வென்ட் நதியும் விளையாட்டுப் பிள்ளைகள் போல. ஜன்னலுக்கு வலப்பக்கம் ஓடிய நதி, ஒரு பாலம் தாண்டியதும் இடப்பக்கம் ஓடும்.

வழியில் கிராம்ஃபோர்டு என்ற சின்ன ஸ்டேஷன். தண்ணீர் விசையால் பஞ்சு நூற்கும் ஆலையை 1771-இல் ஆர்க்ரைட் ஆரம்பித்த இடம் இதுதான். நம் ஊர் ராட்டைகளுக்கு வந்த கஷ்டத்தின் ஊற்றுக்கண் ஒன்றைக் கண்டதாக எண்ணிக்கொண்டேன். அந்த ஆலைப் பள்ளத்தாக்கு 2001 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

மாட்லாக்குக்கு மேலே நதி குளிர்ந்து, தெளிந்து, கூழாங்கற்களின் மேல் ஓடுகிறது. அங்கேதான் கிரேலிங் மீனைச் சந்தித்தேன். அதைப் பிடித்தவர் ஓர் அம்மாள். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ரப்பர் கால்சட்டை அணிந்து தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கரையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டியவர் அவருடைய கணவர்!

"என்ன வாத்து, குளிருகிறதா?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். திடுக்கிட்டுப் போனேன். பிறகுதான் தெரிந்தது, டார்பிஷயர் ஜனங்கள் யாரையும் 'டக்' என்றுதான் அன்பாகக் கூப்பிடுவார்களாம். நம் கொங்கு நாட்டில் 'கண்ணு' என்பது மாதிரி!

அவர் கையாண்ட முறை பார்க்க ஆனந்தமாக இருந்தது. தக்கையை நீரோட்டத்தில் விடுகிறார். அது ஆடி அசைந்து இருபது, முப்பது கஜம் போகிறது. தூண்டில் முள்ளில் கோத்த புழு, ஆற்றின் அடிமட்டத்தைத் தொட்டும் தொடாமலும் கூடவே போகிறது. சக்கரத்தில் விரலை வைத்து நூலைச் சற்றே இழுத்துப் பிடிக்கிறார், விடுகிறார், மறுபடி பிடிக்கிறார். வீணைத் தந்தியில் விரல் வைப்பது போலத்தான். தக்கை மறைந்தது. கோல் வளைந்தது. சில நிமிஷங்களில் வலைக்குள் ஒரு கிரேலிங்!

வெள்ளிச் செதில்களில் லேசான ஊதாச் சாயை. முதுகில் பாய்மரம் போல் விரியும் பெரிய துடுப்பு. அதில் சிவப்பும் கருநீலமும் கலந்த புள்ளிகள். ஓடையின் சீமாட்டி என்று இதற்கு ஒரு செல்லப் பெயர் உண்டு. பிறப்பால் இது சாமன் குடும்பம். ஆனால் சாமனைப் போல் குளிர்காலத்தில் அல்லாமல் ரோச்சையும் சப்பையும் போல் வசந்தத்தில் முட்டையிடுவதால், சட்டம் இதைச் சாதாரண மீன்களின் பந்தியில் உட்கார வைத்துவிட்டது.

அம்மாள் முள்ளைக் கழற்றி, மீனை நீரோட்டத்துக்கு எதிர்முகமாக இரு கைகளாலும் தாங்கிப் பிடித்தார். சண்டையில் கிரேலிங் களைத்துப்போய்விடுமாம். மூச்சு வாங்கித் தெளியும் வரை இப்படித் தாங்க வேண்டும். ஒரு நிமிஷம் சென்றது. வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கிவிட்டு அது மறைந்தது.

"சட்டப்படி ஒரு நாளைக்கு இரண்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாமே?" என்றேன். 30 முதல் 38 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள கிரேலிங் இரண்டுக்கு அனுமதி உண்டு என்று படித்திருந்தேன்.

"போகலாம். ஆனால் அடுத்த வருஷமும் இவளை நான் பார்க்க வேண்டாமா? அழுக்குத் தண்ணீரில் இவள் இருக்கவே மாட்டாள். இவள் இருக்கிறாள் என்றால் நதி சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்" என்றார் அம்மாள்.

பாலாடைக் கட்டியும் கஞ்சா விதையும்

நதியோடு கீழே இறங்கினால் பெல்ப்பர். அணையைத் தாண்டியதும் ஓட்டம் நிதானப்படுகிறது. மரக்கிளைகள் தண்ணீரைத் தொடும் இடங்களில் சப் குடியிருக்கிறது. இதைப் போல் ஒரு சாப்பாட்டு ராமனை மீன் உலகத்தில் காண்பது அரிது. ரொட்டி, புழு, நத்தை, சின்ன மீன், மரத்திலிருந்து விழும் பழம், எதுவானாலும் சரி. வாயில் பல் கிடையாது. தொண்டைக்குள் அரைவை இயந்திரம் மாதிரிப் பற்கள் இருக்கின்றன. ஆனால் பயங்கொள்ளி! கரையில் நம் காலடி அதிர்ந்தாலோ நிழல் விழுந்தாலோ ஆசாமி ஆழத்துக்குப் போய்விடுவான்.

குளிர்காலத்தில் இவனுக்கு வாடை வீசும் பாலாடைக் கட்டி வேண்டும். அதை ரொட்டியோடு சேர்த்துச் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்து, முள்ளைச் சுற்றி உருட்டி வைக்கிறார்கள். குளிர்ந்த நீரில் அது இறுகிப்போகுமாகையால் பிசையும்போதே தளரப் பிசைய வேண்டுமாம். சமையல் பக்குவம் தெரிந்தவர்களுக்கே சப் அகப்படும் போலிருக்கிறது!

டார்பியைத் தாண்டிச் சமவெளிக்கு வந்ததும் ரோச்சின் ராஜ்யம். வெள்ளி உடல், சிவந்த துடுப்புகள், சிவந்த கண். அரை பவுண்டு ரோச் கிடைத்தால் சந்தோஷம்; இரண்டு பவுண்டு ரோச் கிடைத்தால் ஆயுள் முழுவதும் பேசிக்கொண்டிருப்பார்கள். இது தக்கையை இழுப்பதில்லை, முத்தமிடுவதோடு சரி. அந்தத் துளி அசைவிலேயே கோலைத் தூக்கத் தெரிய வேண்டும்.

ரோச்சுக்குப் பிடித்த பட்சணங்களில் ஒன்று கஞ்சா இனத்துச் செடியின் விதை. பதற வேண்டாம், அதில் போதை ஒன்றும் கிடையாது. வேகவைத்தால் தோல் வெடித்து வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். நாலு நாலு மணியாக அடிக்கடி தூவ வேண்டும். இன்னொரு பட்சணம் ஈப்புழு. சூட்டில் கூடு கட்டிவிடும் என்று அதைக் குளிர்சாதனப் பெட்டியில், வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். இதனால் குடும்பங்களில் நடக்கும் சண்டைகளை விவரிக்கத் தனியாக ஒரு தொடர்கதையே எழுதலாம்!

தூண்டில்காரர்கள் எல்லா விஷயத்திலும் மகான்களாக இருந்தார்கள் என்று சொல்லவில்லை. நூலில் கோர்க்கும் சின்னஞ்சிறு ஈயக் குண்டுகள் கரையில் சிதறின. இரையை அரைப்பதற்காகக் கல் பொறுக்கும் அன்னங்கள் அவற்றையும் விழுங்கி, விஷமேறி மாண்டன. கடைசியில் 1987-இல் அந்த ஈயக் குண்டுகளை விற்பதற்குத் தடை வந்தது. அன்னங்கள் மறுபடி பெருகின.

கூண்டில் ஏறிய நகரசபை

இனிக் கோர்ட்டுக்கு வருவோம். டார்பி பட்டுக்குப் பேர்போன ஊர். 1721-இல் நதிக்கரையில் எழுந்த பட்டு ஆலை இருந்த இடத்தில் 2021 முதல் ஓர் அழகான காட்சிசாலை இருக்கிறது. நிஜப் பட்டுக்குப் பிறகு செயற்கைப் பட்டு வந்தது. ஊருக்குச் சற்றுக் கிழக்கே ஸ்பாண்டனில் பிரிட்டிஷ் செலனீஸ் கம்பெனியின் பிரம்மாண்டமான தொழிற்சாலை எழுந்தது. அது தன் கழிவையும் வெந்நீரையும் டெர்வென்ட்டில் விட்டது. நகரசபை அரைகுறையாகச் சுத்தம் செய்த சாக்கடை நீரை விட்டது. மின்சார நிலையமும் தன் பங்குக்கு வெந்நீரைக் கொட்டியது. தண்ணீர் சூடாக ஆக அதில் பிராணவாயு குறையும். மீன்கள் என்ன செய்யும்? செத்தன.

அந்தப் பகுதியில் மீன் பிடிக்கும் உரிமையை ஒரு தூண்டில்காரர் சங்கம் வைத்திருந்தது. சங்கத்தின் பெயரே 'டார்பியின் பெருமை'! அவர்கள், கரையில் நிலம் வைத்திருந்த ஒரு பிரபுவையும் சேர்த்துக்கொண்டு, கம்பெனி, நகரசபை, மின்சார வாரியம் ஆகிய மூன்றின் மேலும் வழக்குத் தொடர்ந்தார்கள். ஊர் பெருகிவிட்டது, சாக்கடையும் பெருகிவிட்டது, நாங்கள் என்ன செய்வோம் என்று வாதாடியது நகரசபை. நீதிபதிகள் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. 1952-இல் தீர்ப்பு சங்கத்தின் பக்கம் வந்தது. திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்து, நதியைக் கெடுக்காதே என்று தடையுத்தரவு போட்டார்கள். நதி அசுத்த வழக்குகளில் இந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்தத் தொழிற்சாலை 2012-இல் மூடப்பட்டது. நதி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ரோச்சும் சப்பும் இருக்கின்றன.

நதிக்கு வாய் கிடையாது. அதன் சார்பில் வழக்காட யாராவது ஒருவர், இது என்னுடைய ஆறு, எனக்கு நஷ்டம் என்று சொல்ல வேண்டும். அந்த நாட்டில் அப்படிச் சொன்னவர்கள் மீனைத் தின்னாமல் திருப்பி விடுகிறவர்கள். வழக்கறிஞரான ஜான் ஈஸ்ட்வுட் 1948-இல் இதற்கென்றே ஆரம்பித்த தூண்டில்காரர் அமைப்பு, இப்போது 'ஃபிஷ் லீகல்' என்ற பெயரில் வழக்காடி வருகிறது.

வேலை முடிந்துவிடவில்லை. பெருமழை பெய்யும்போது சாக்கடைகள் நிரம்பி நதிகளில் வழிவது இங்கிலாந்தில் இன்றும் பெரிய தகராறு. 2022 முதல் பல நதிகளில் தூண்டில்காரர்களே மாதந்தோறும் தண்ணீரை மொண்டு, அதில் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் எவ்வளவு என்று அளந்து குறித்துவருகிறார்கள்.

நேற்று இதே மடுவில் ஒரு பவுண்டு ரோச் இருந்தது, இன்று இல்லை என்பது யாருக்குத் தெரியும்? அதைப் பிடித்து, நிறுத்து, குறித்து வைத்து, திருப்பி விட்டவருக்குத்தானே தெரியும்! ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன பாட்டிமார்கள் சும்மா சொல்லவில்லை. அளந்து பார்த்தவர்களுக்குத்தான் குறைந்தது தெரியும்.