ஏழாம் நம்பர் மட்டையும் எங்கள் அக்காவும்



கபடிக்கும் கோ-கோவுக்கும் விசில் ஊதிய டீச்சர் கோல்ஃப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

2025 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அட்லாண்டாவில் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளைக்கு கோல்ஃப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துப் பொது மைதானத்துக்குப் போய் ஆடிவிட்டு வருவார். மதியம் சாப்பிட்டதும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார். எனக்கும் வேறு வேலை இல்லை. "அத்தை, சும்மா பாருங்க, ரெண்டு வாரத்துல பிடிச்சிடும்" என்றார். பிடித்துவிட்டது.

முதலில் எனக்கு ஒன்று புரியவில்லை. ஒரு பந்து, ஒரு குழி. குழியின் அகலம் நாலேகால் அங்குலம். இதற்கு எதற்கு ஒரு மூட்டை மட்டை? மாப்பிள்ளை பையைக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பிவிட்டார். தூரமாக அடிக்கப் பெரிய தலை கொண்ட டிரைவர். அதற்கு அடுத்து வுட் என்கிற மட்டைகள். பெயர்தான் வுட், இப்போது எல்லாம் உலோகம். பிறகு அயர்ன்கள். மணலிலிருந்தும் கிட்டத்திலிருந்தும் பந்தைத் தூக்கிப் போட வெட்ஜ்கள். கடைசியாக, பந்தைக் குழிக்குள் உருட்ட புட்டர். மட்டைக்கு மட்டை முகத்தின் சாய்வு வேறு. சாய்வு கூடினால் பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும். எண் கூடக் கூடச் சாய்வும் கூடும். ஏழாம் வகுப்பு அறிவியல்தான், வேறொன்றும் இல்லை.

பதினான்கு மட்டைக்கு மேல் எடுத்துப்போகக் கூடாது. இந்த விதி அமெரிக்காவில் 1938இலும் பிரிட்டனில் 1939இலும் வந்தது. அதற்கு முன்னால் இருபதுக்கும் மேல் சுமந்து போனவர்கள் உண்டு. 2001இல் பிரிட்டிஷ் ஓப்பன் கடைசி நாளில் இயன் வூஸ்னம் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார். இரண்டாவது குழிக்குப் போகும்போது பையில் பதினைந்தாவதாக ஒரு டிரைவர் இருப்பது தெரிந்தது. இரண்டு அடி தண்டனை. அன்று அவர் ஜெயிக்கவில்லை. ஆகவே ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் ஒன்றை எடுக்க வேண்டும். எதை எடுப்பது, எதை வைப்பது என்று ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் யோசிக்கிறார்கள். அதை முடிவு செய்வது மைதானம்.

ஜூன் மாதம் பென்சில்வேனியாவில் ஓக்மான்ட் என்ற இடத்தில் நடந்த யு.எஸ். ஓப்பனைப் பார்த்தேன். என்ன மைதானம் அது! ஓரத்துப் புல் ஐந்து அங்குல உயரம், பந்து விழுந்தால் தேட வேண்டும். ஒரு மணல் குழிக்குள் தேவாலயத்து பெஞ்சுகள் மாதிரி வரிசையாகப் புல் வரப்புகள் கட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று அடியில் முடிக்க வேண்டிய எட்டாவது குழியின் தூரம் 289 கஜம். நம் பள்ளித் திடலை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தாலும் 200 மீட்டர்தான். இது அதைவிட 64 மீட்டர் அதிகம். அவ்வளவு தூரத்தை ஒரே அடியில் கடந்து கிரீனில் நிறுத்த வேண்டும்.

கிரீன் என்பது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. ஓக்மான்டில் அது கண்ணாடி மாதிரி வழுக்கும். 1935இல் அங்கே ஜீன் சராசன் தட்டிய பந்து கிரீனிலேயே நிற்காமல் உருண்டு வெளியே போனதைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர், இந்த வழுக்கலை அளக்க ஒரு கருவி செய்தார். ஸ்டிம்ப்மீட்டர் என்று பெயர். ஒரு நீளச் சட்டம், நடுவில் பள்ளம். மேலே பந்தை வைத்துச் சாய்த்தால் உருண்டு இறங்கும். தரையில் எத்தனை அடி ஓடி நிற்கிறது என்று அளப்பார்கள். மரச் சட்டத்தைச் சாய்த்துக் கோலி விட்டு, சிமென்டுத் தரையில் எவ்வளவு, மணலில் எவ்வளவு என்று அளந்து நோட்டில் எழுதினோமே, நினைவிருக்கிறதா? அதே சோதனைதான். மாப்பிள்ளை ஆடும் மைதானத்தில் பந்து எட்டு ஒன்பது அடி ஓடுமாம். ஓக்மான்டில் பதினான்குக்கும் மேல்.

அங்கே 156 பேர் ஆடத் தொடங்கினார்கள். நான்கு நாள் முடிவில் மைதானத்தின் கணக்கை விடக் குறைவாக முடித்தவர் ஒரே ஒருவர், ஜே.ஜே. ஸ்பான். அதுவும் ஒரே ஒரு அடி குறைவு. கடைசி நாள் முதல் ஆறு குழிகளில் ஐந்தில் அவருக்குச் சறுக்கல். மழைக்காக ஆட்டத்தை நிறுத்தித் தொடங்கிய பிறகு எழுந்து வந்தார். கடைசிக் குழியில் 64 அடி தூரத்திலிருந்து உருட்டி உள்ளே போட்டார். வீட்டில் நான்தான் முதலில் கைதட்டினேன்.

இப்படிப்பட்ட இடங்களில் பெரிய ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பாடம். 2006இல் இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் பிரிட்டிஷ் ஓப்பன். டைகர் உட்ஸ் உச்சத்தில் இருந்த காலம். தரை காய்ந்து கெட்டியாக இருந்ததால் பந்து விழுந்த பிறகும் வெகுதூரம் உருண்டது. ஆழமான மணல் குழிகளும் நிறைய. நான்கு நாளில் 72 குழிகள் ஆடியவர், டிரைவரைத் தொட்டது ஒரே ஒரு முறை. கோப்பை அவருக்குத்தான். 2013இல் ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் ஃபில் மிக்கல்சன் டிரைவரையே பையில் வைக்கவில்லை. அவரும் ஜெயித்தார். அதே மிக்கல்சன் 2006இல் அகஸ்டாவில் இரண்டு டிரைவர்களோடு ஆடி ஜெயித்தவர்! ஆள் மாறவில்லை, இடம் மாறியது.

இன்னொன்று. ஏழாம் நம்பர் வுட், ஒன்பதாம் நம்பர் வுட் என்று இரண்டு மட்டைகள் உண்டு. பந்தைச் சுலபமாக உயரத் தூக்கும். வெகுகாலம் வரை அவற்றை வயதானவர்களின் மட்டை, பெண்களின் மட்டை என்று கேலி பேசுவார்களாம். வாலிபர்கள் தொட வெட்கப்படுவார்கள். நீளமான அயர்னால் அடிப்பதுதான் வீரம். ஆனால் அயர்னால் அடித்த பந்து தாழப் பறந்து வந்து, கெட்டியான கிரீனில் விழுந்து ஓடிவிடும். வுட்டில் அடித்தது உயரத்திலிருந்து செங்குத்தாக விழுந்து நிற்கும். டஸ்டின் ஜான்சன் என்று ஆறடிக்கு மேல் உயரமான பலசாலி. 2020இல் மாஸ்டர்ஸ் போட்டியை 268 அடிகளில் முடித்துச் சாதனை செய்தபோது அவர் பையில் ஏழாம் நம்பர் வுட் இருந்தது. டாமி ஃப்ளீட்வுட்டின் பையில் ஒன்பதாம் நம்பர். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

ஸ்காட்டி ஷெஃப்ளர் கதையும் அப்படித்தான். உலகத்தில் முதல் இடத்தில் இருந்தும் கிட்டத்தில் உருட்டும்போது தவறிக்கொண்டே இருந்தது. பட்டைத் தலை கொண்ட புட்டரை விட்டு, தலை பெரிதான புட்டரை முயன்று பார்க்கலாமே என்று போட்டியாளரான ரோரி மக்கில்ராயே தொலைக்காட்சியில் சொன்னார். அடுத்த மாதம், 2024 மார்ச்சில், ஷெஃப்ளர் மாற்றினார். மாற்றிய முதல் போட்டியிலேயே ஐந்து அடி வித்தியாசத்தில் வெற்றி. உலகத்தில் முதல்வனுக்கே ஒரு கருவியை மாற்றிக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

அதற்காக விலை உயர்ந்த மட்டை வாங்கினால் ஆட்டம் வந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. எங்கள் மாப்பிள்ளை டி.வி.யில் பார்த்த டிரைவரையே வாங்கினார். பந்து இன்னும் பக்கத்துக் காட்டுக்குள்தான் போகிறது. பெரிய ஆட்டக்காரர்கள் தங்கள் உடம்புக்கும் அந்த வார மைதானத்துக்கும் அளவெடுத்துத்தான் வைத்துக்கொள்கிறார்கள். அடுத்தவரின் செருப்பு நம் காலுக்குச் சேருமா?

மாப்பிள்ளை ஒருமுறை பயிற்சி நாள் டிக்கெட் கிடைத்து அகஸ்டா மைதானத்துக்கே போய் வந்தவர். "டி.வி.யில தட்டையாத் தெரியுது அத்தை. நேர்ல போனாத்தான் மேடு பள்ளம் தெரியும். பத்தாவது குழி, அடிக்கிற இடத்துலேருந்து நூறு அடி பள்ளம். பதினெட்டாவது, மூச்சு வாங்குற ஏத்தம்" என்றார். கேமரா மேட்டையும் பள்ளத்தையும் விழுங்கிவிடுகிறது.

காரணத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? எங்கள் பெரியக்காவுக்கு 74 வயது. மாமா போன பிறகு ஊரில் பழைய வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் அமெரிக்காவில் இருந்தவரை தினமும் வீடியோவில் பேசினோம். முகம் தெளிவாக இருக்கும். "நல்லா இருக்கேன் பாப்பா" என்பாள். சென்னையில் இருக்கும் அவள் பிள்ளைகளும் அந்த முகத்தைத்தான் பார்த்தார்கள். ஐப்பசி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. கைத்தடி இல்லாமல் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வாங்கிக் கொடுத்த கைத்தடி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. "கம்பு ஊணிக்கிட்டு கெழவி மாதிரி கோயிலுக்குப் போகணுமா? ஊரு என்னடி சொல்லும்?" என்கிறாள்.

போன வாரம் போய், தெருவிலிருந்து கிணற்றடி வரை மெதுவாக நடந்து எண்ணினேன். திண்ணைக்கு மூன்று படி. முழங்கால் உயர வாசற்படி ஒன்று. முற்றத்துக்கு இறங்க இரண்டு, ஏற இரண்டு. கொல்லைப்புறத்துக்கு நான்கு, அதில் கடைசிப் படி பாசி பிடித்தது. பிடித்துக்கொள்ள எங்குமே ஒன்றும் இல்லை. சிறு வயதில் நாங்கள் ஓடி விளையாடிய வீடு. 74 வயதுக் காலுக்கு அது ஓக்மான்ட். வீடியோவில் இதில் ஒரு படிகூடத் தெரியாது.

அக்கா, உன் பேத்தி இதை உனக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். உனக்குத் தெம்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆறு பேரை வளர்த்தவள் நீ. அந்த டஸ்டின் ஜான்சனுக்கும் தெம்பு இல்லாமலா ஏழாம் நம்பர் மட்டையை எடுத்தான்? தரை அப்படி. ஆணியிலிருந்து கைத்தடியை எடு. ஊர் நாலு நாள் பேசும். பிறகு வேறு கதைக்குப் போய்விடும்.

அக்காவின் பிள்ளைகளுக்கு: பொங்கலுக்கு வரும்போது கரும்போடு சேர்த்து நான்கு நாள் விடுப்பும் கொண்டுவாருங்கள். படிகளுக்குக் கைப்பிடிக் கம்பி போட வேண்டும். டவுனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் வந்து அளவெடுத்துப் போய்விட்டார். காசு வேண்டாம் என்கிறார். அந்தச் சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன். பாசிப் படியைக் கொத்திச் சொரசொரப்பாகப் பூச வேண்டும். கிணற்றடியில் ஒரு விளக்கு வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்கள் நடக்கும் வழியில் ஒருமுறை நடந்து படிகளை எண்ணுங்கள். இரவில் பாத்ரூம் போகும் வழியையும் சேர்த்து. எத்தனை என்று கீழே எழுதுங்கள். வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்தித் தர நான் இருக்கிறேன்.

நலமாக இருங்கள்.
அன்புடன்,
உங்கள் டீச்சர்